பட்டறைத் தூசி

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பட்டறையில்
எதையும் உதறக் கூடாது.
முந்தானையை உதறக் கூடாது,
கூந்தலைத் தட்டி முடியக் கூடாது.
சாயங்காலம் ஆறரைக்குக்
கையும் காலும் தொட்டியில் கழுவிவிட்டுத்தான்
வாசல்படி தாண்ட வேண்டும்.
அந்தத் தண்ணீர் தெளியக் காத்திருப்பார் முதலாளி.
அடியில் தங்கும் கறுப்புச் சேறு
வருஷக் கடைசியில்
ஒரு சோடிக் கொலுசாவது ஆகும்.

பதினொரு வருஷமாக
மாதேஸ்வரி சங்கிலி பின்னுகிறாள்,
நான் சலங்கை வைத்துப் பற்றவைக்கிறேன்.
அவள் மகன் பிளஸ் டூ தவறி ஐ.டி.ஐ. சேர்ந்ததும்
என் சீட்டுப் பணம் அம்மாப்பேட்டைக்காரியோடு ஓடிப்போனதும்
ஒரே சுடரின் இரண்டு பக்கமிருந்து
பேசித் தீர்த்தவை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன்.
போன புதன்கிழமை சொன்னேன்.
பெரியாஸ்பத்திரியில், நாலாவது வார்டில்,
மகளுக்கு மூச்சு இழுத்த ராத்திரி
யாரைக் கூப்பிட்டேன் என்று.
யார் வந்தார் என்று.
வெங்காரம் பொங்கி ஒரு சலங்கை உருகிப்போனது,
கவனிக்கவில்லை.
கடைசியில் ஒரு கைப்பிரதியை
அவள் மடியில் வைத்தேன்.

மறுநாள் காலை திருப்பித் தந்தாள்,
நாலாக மடித்து, ஓரம் பிசகாமல்.
"வேண்டாம் புள்ள.
உனக்கு வந்தவரு உனக்கு இருக்கட்டும்.
இனிமே இந்தப் பேச்சு நமக்குள்ள வேண்டாம்."
இடுக்கியை எடுத்துக்கொண்டாள்.

பத்து மணிக்குத் தட்டுவடை செட் வந்தது.
எனக்கு இரண்டு மடித்துத் தரத் தாள் தேடினாள்.
கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது அந்தக் கைப்பிரதிதான்.
எழுந்துபோய்ப் பழைய காலண்டரில் கிழித்து வந்தாள்.
நான் அதைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன்.
காதெல்லாம் எரிந்தது.
அன்றைக்கு ஏழு கொலுசில் மூன்று கோணல்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் சற்குணத்திடம் சொன்னேன்.
ஏற்றுக்கொள்ளாத வீட்டின் தூசியைக்
காலிலிருந்து உதறிவிட்டு நடக்க வேண்டும் அம்மா, என்றார்.
அன்பாகத்தான் சொன்னார்.
பஸ்ஸில் ஐந்து ரோடு வரை
பாதத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

உதறவா?
உதறினால் வெள்ளி போய்விடுமே, ஆண்டவரே.
அவள் அராவியதும் நான் அராவியதும்
கலந்தல்லவா கிடக்கிறது.

அப்போதுதான் ஆடி நினைவுக்கு வந்தது.
கோட்டை மாரிக்குப் பூச்சாட்டிய பிறகு
தூக்குவாளியில் கூழ் கொண்டுவருவாள்,
அரிந்த வெங்காயம் தனியாக, மோர்மிளகாய் தனியாக.
பதினொரு ஆடி.
பதினொரு முறையும் "வேண்டாம் மாதேசு."
ஒரு வருஷம் என் சாப்பாட்டு டப்பாவைக்
கொஞ்சம் தள்ளிக்கூட வைத்தேன்,
ஆவி பட்டுவிடும் என்பதுபோல.
அவள் வாளியை மூடி எடுத்துப்போனாள்.
வீடு போகும்வரை அந்த வாளி
கையில் எப்படிக் கனத்திருக்கும் என்று
ஒருநாளும் நினைத்ததில்லை.
மறுநாள் வந்து
அதே பலகையில், என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.
உதறிவிட்டு வா என்று
அவளுக்கு யாரும் சொல்லவில்லையா,
சொல்லியும் அவள் கேட்கவில்லையா?

நம்பியதை நான் விட்டுவிடவில்லை.
இன்று காலையும் அவள் பெயர் சொல்லித்தான் ஜெபித்தேன்.
மகனுக்கு உருக்காலையில் அப்ரண்டிஸ் கிடைக்கட்டும்,
கொடுத்தது யாரென்று
அவளுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றேன்.
பொய் சொல்கிறேன் ஆண்டவரே,
கொஞ்சம் தெரிந்தால் நல்லது, என்று
உடனே திருத்திக்கொண்டேன்.

ஆடி பிறக்க இன்னும் ஒன்பது நாள்.
வாளியைத் திறந்து அவள் நீட்டும்போது
என்ன சொல்வேன், தெரியாது.
போதகரிடம் கேட்கப் போவதில்லை.
டப்பாவை மட்டும் தள்ளி வைக்க மாட்டேன்.

மணி ஆறரை.
தொட்டியில் அவள் கால் வைக்கிறாள்.
அவள் முடிக்கட்டும் என்று நிற்காமல்
அதே தண்ணீரில் நானும் வைக்கிறேன்.
கலங்குகிறது.
முதலாளி காத்திருக்கட்டும்.